ஹெல் லெட் லூஸ்: சுட்டவனைப் பார்க்காமலே சாகிறேன், குறை யாரிடம்?

மூன்றாம்பெஞ்ச் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. கல்லூரி நாட்களில், 2003, 2004 வாக்கில், விடுதிக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கு வைத்துக் காசு கொடுத்து ‘மெடல் ஆஃப் ஆனர்: அலைடு அசால்ட்’ என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டை ஆடியவன் நான். ஒமாஹா கடற்கரையில் படகிலிருந்து இறங்கி, இரும்புத் தடுப்புகளுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி மேட்டை அடையும் அந்தக் கட்டத்தை எத்தனை முறை முடித்தேன் என்று கணக்கே கிடையாது. அதன் பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற மாதம், மகளின் படிப்புக்காக என்று வீட்டில் சொல்லி, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஒன்றை வாங்கினேன். அதே போரை இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ‘ஹெல் லெட் லூஸ்’ என்ற துப்பாக்கி விளையாட்டு தள்ளுபடியில் கிடைத்தது, அதையும் கூடவே வாங்கினேன்.

இரண்டு வாரங்களாக ஆடுகிறேன், அல்லது சாகிறேன். கார்ட்டான், சென்ட் மேரி டு மோன் என்று எந்த மேப் (போர்க்களம்) வந்தாலும் எனக்கு நடப்பது ஒன்றுதான். தலைமையகத்தில் தொடங்கி ஆறேழு நிமிடம் வயல்வெளியில் ஓடுகிறேன், எங்கிருந்தோ ‘டப்’ என்று ஓர் ஓசை கேட்கிறது, திரை இருட்டாகிறது. யார் சுட்டான், எந்தத் திசையிலிருந்து சுட்டான், எவ்வளவு தூரத்தில் இருந்தான் என்று விளையாட்டு எதையும் காட்டுவதில்லை. மறுபடி தலைமையகம், மறுபடி ஆறேழு நிமிட ஓட்டம். ஏறத்தாழ இருபது ஆட்டங்களில் எதிரியின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தது ஐந்தாறு முறை இருக்கலாம். சுட்டு வீழ்த்தியது நான்கு பேரை. அந்தக் காலத்தில் ஒரே மாலையில் ஒரு படைப்பிரிவையே தனி ஆளாகச் சாய்த்துவிட்டு விடுதிச் சாப்பாட்டுக்குப் போனவன் என்பதால் கொஞ்சம் மானம் போகிறது.

குறை என் கண்ணிலா, வயதிலா, இணைய இணைப்பிலா, ஆடும் முறையிலா? இன்னொன்றையும் மனம் திறந்து கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: பாதி நேரம் நடந்தும் மீதி நேரம் செத்தும் கழிகிற இந்த விளையாட்டில் நீங்கள் எல்லோரும் என்ன சுவையைக் காண்கிறீர்கள்?


சரக்குலாரி எழுதியது:

அண்ணா, வணக்கம். 2021 ஜூலையில் முழு விளையாட்டாக வெளிவந்த நாளிலிருந்து இதை ஆடிவருகிறேன். உங்கள் கண்ணிலும் வயதிலும் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது: ‘மறுபடி தலைமையகம், மறுபடி ஆறேழு நிமிட ஓட்டம்.’ உங்கள் துன்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை.

இந்த விளையாட்டில் சாவுக்கு விலை நடைதான். புள்ளி குறையாது, காசு போகாது, ஆட்டத்தை விட்டு யாரும் வெளியேற்ற மாட்டார்கள். செத்தவன் மறுபடி நடந்து வரவேண்டும், அவ்வளவே. ஒரு பக்கத்துக்கு 50 பேர், மொத்தம் 100 பேர் ஆடும் களத்தில், ஒன்றரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் இருபது, முப்பது முறை சாவது சாதாரணம். செத்தவர்கள் முன்னணிக்குப் பக்கத்திலேயே மறுபடி எழுந்தால் அந்த அணி அழுத்திக்கொண்டே முன்னேறும். எட்டாத தொலைவிலிருந்து நடந்து வந்தால், அந்த அணியில் எவ்வளவு குறிபார்த்துச் சுடுகிறவர்கள் இருந்தாலும் தோற்கும். ஆகவே இது நடையைக் குறைக்கும் போட்டி என்றுதான் நான் புதியவர்களுக்குச் சொல்வது.

நடையைக் குறைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்குவாட் என்ற சிறு குழுவின் தலைவரான ஆஃபீசர் வைக்கும் அவுட்போஸ்ட், அதாவது செத்தவர்கள் மறுபடி எழும் இடம். அது அந்த ஸ்குவாடில் உள்ள ஆறு பேருக்கு மட்டும் பயன்படும். மற்றொன்று கேரிசன், அதில் அணியின் 50 பேரும் எழலாம். கேரிசன் கட்ட 50 சப்ளை (கட்டுமானப் பொருள்) தேவை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 200 மீட்டராவது இருக்க வேண்டும், ஓர் அணிக்கு எட்டுக்கு மேல் கூடாது. எதிரி ஒருவன் பக்கத்தில் வந்துவிட்டால் அதில் யாரும் எழ முடியாதபடி அது பூட்டிக்கொள்ளும் என்பதால், முன்னணியிலேயே வைக்காமல் ஒரு புதர்வேலிக்கு இரண்டு வயல் பின்னால் வைப்பதுதான் கைவந்தவர்களின் வழக்கம். சப்ளை தானாக வராது. சப்போர்ட் வேலையை எடுத்தவர் முதுகில் சுமந்துவரும் பெட்டியிலிருந்து வரவேண்டும், அல்லது யாராவது ஒருவர் தலைமையகத்திலிருந்து சப்ளை லாரியை ஓட்டி வரவேண்டும். என் பெயருக்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எனவே நீங்கள் செய்யவேண்டிய முதல் காரியம், ஆட்டத்தில் நுழைந்ததும் பூட்டாத ஒரு ஸ்குவாடில் சேர்ந்து, மைக்கைப் போட்டு, “ஆஃபீசர் இருக்கிறாரா, அவுட்போஸ்ட் எங்கே?” என்று கேட்பது. பதிலே வராவிட்டால் தயங்காமல் வேறு ஸ்குவாடுக்கு மாறிவிடுங்கள். எழுவதற்கு முன் வரும் மேப்பை அவசரமாகத் தாண்டிப் போகாமல் ஒரு மூச்சு நின்று பாருங்கள். தலைமையகத்தைத் தவிர வேறு குறிகள் பெரும்பாலும் அதில் இருக்கும். நான் முதல் மாதம் முழுவதும் அந்தக் குறிகள் என்னவென்றே தெரியாமல் ஓடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, ஓட்டம். பழைய விளையாட்டுகளில் ஓடுவது பாதுகாப்பு. இங்கே ஓடுவதுதான் விளம்பரம். வயலின் நடுவே ஓடுகிறவனை 200 மீட்டர் தொலைவில் வேலிக்குள் படுத்திருப்பவன் நிதானமாகக் குறிபார்ப்பான். உடம்பில் ஒரு ரைஃபிள் குண்டு பட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும். மார்ஃபின் ஊசியோடு மருத்துவர் பக்கத்தில் இருந்தால் எழலாம். வேலியோரமாகவே போங்கள். வேலியில் இடைவெளி வரும் இடத்தில் நில்லுங்கள், எதிரே உள்ள வேலியை இருபது வினாடி பாருங்கள், பிறகு கடந்து போங்கள்.

சுட்டவன் திசை தெரியவில்லை என்றீர்கள். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமாக வருவதால், காதோரம் முதலில் கேட்கும் ‘டப்’ என்ற வெடிப்பு குண்டு கடந்துபோகும் ஓசைதான். துப்பாக்கியின் சத்தம் அதற்குப் பிறகு மெதுவாக வந்து சேரும். 200 மீட்டர் தூரத்தில் இரண்டுக்கும் நடுவே கால் வினாடி அளவு இடைவெளி இருக்கும். அந்த இரண்டாவது ஓசைதான் திசையைச் சொல்லும். முதல் ஓசைக்குத் திரும்பிப் பார்க்கிறவன் தவறான பக்கம் பார்த்துக்கொண்டே இரண்டாவது குண்டை வாங்குவான்.


கரும்பலகை எழுதியது:

மேலே சரக்குலாரி சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். ஆட்டத்தில் சுமார் ரகம்தான். ஆனாலும் அந்த நிலம் ஏன் உங்களைக் கொல்கிறது என்பதைச் சொல்ல முடியும், அது தெரிந்தால் ஆட்டமும் கொஞ்சம் எளிதாகும்.

நீங்கள் ஓடும் அந்த வயல்கள் பிரான்சின் நார்மண்டியில் இருப்பவை. பழைய வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் தரவையும் வைத்து இந்த மேப்புகளை உருவாக்கியதாகத்தான் தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே வயலுக்கு வயல் வரப்பு கிடையாது; பல நூறு ஆண்டுகளாக மண்ணும் கல்லும் சேர்ந்து ஆள் உயரத்துக்கு எழுந்த கரைகளும், அவற்றின்மேல் வேரோடிப் பின்னிய புதர்களும் மரங்களும்தான் எல்லை. இரண்டு கரைகளுக்கு நடுவே பள்ளமாகப் போகும் வண்டிப் பாதைகளில் நின்றால் பக்கத்து வயலில் நடப்பது எதுவும் தெரியாது. 1944 ஜூன் 6 அன்று கரையேறிய அமெரிக்கப் படை, கடற்கரையிலிருந்து 35 கிலோமீட்டர் போல இருக்கும் சென் லோ ஊரைப் பிடித்தது ஜூலை 18 அன்றுதான். ஆறு வாரங்கள் ஆயின. ஒவ்வொரு வயலும் தனிக் கோட்டையாக இருந்ததும், வயலின் மூலைகளில் ஜெர்மானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுட்டதும் அதற்கு முக்கியமான காரணங்கள். நீங்களும் மூலைகளைப் பாருங்கள். இன்றைக்கும் அந்த விளையாட்டில் இயந்திரத் துப்பாக்கிக்காரர் படுத்திருப்பது பெரும்பாலும் மூலையில்தான். எண்பது ஆண்டுகள் கழித்தும் அந்த நிலம் அதே புத்தியைத்தான் எல்லோருக்கும் சொல்லித்தருகிறது.

டாங்குகளுக்கும் இதே பாடு. கரைமேல் ஏறிய அமெரிக்க ஷெர்மன் டாங்கின் பீரங்கி வானத்தைப் பார்க்கும், மெல்லிய அடிவயிறு எதிரியைப் பார்க்கும். கடைசியில் கர்ட்டிஸ் கியூலின் என்ற சார்ஜென்ட், ஜெர்மானியர்கள் கடற்கரையில் நட்டிருந்த இரும்புத் தடுப்புகளையே வெட்டி, டாங்கின் முகப்பில் கொம்பு போலப் பற்றவைத்துக் கரையைத் துளைத்துப் போகும்படி செய்தார். நீங்கள் பிரௌசிங் சென்டரில் எந்தத் தடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்தீர்களோ, அதே இரும்புதான்.

கார்ட்டான் மேப்பை நீங்கள் குறிப்பிட்டதால் இன்னொன்று. அந்த ஊர், அமெரிக்கப் படைகள் கரையேறிய யூட்டா கடற்கரையையும் ஒமாஹா கடற்கரையையும் இணைக்கும் முடிச்சு. அதைப் பிடிக்காமல் இரண்டு படைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க முடியாது. வடக்கேயிருந்து ஊருக்குள் வரும் சாலை, வெள்ளம் தேங்கிய சதுப்பு நிலத்தின் நடுவே நான்கு பாலங்களைத் தாண்டி வரும் ஒற்றை மேட்டுப்பாதை. இந்த விளையாட்டில் ‘பர்ப்பிள் ஹார்ட் லேன்’ என்ற பெயரில் தனி மேப்பாக இருப்பது அதுதான். காயம்பட்ட வீரர்களுக்குத் தரும் பதக்கத்தின் பெயரை வீரர்களே அந்தச் சாலைக்குச் சூட்டினார்கள். அங்கே 1944 ஜூன் 11 அன்று, 101-ஆவது வான்குடைப் படையைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் கோல், தன் ஆட்கள் அசைய முடியாமல் கிடப்பதைக் கண்டு, பீரங்கிகளைக் கொண்டு புகைத்திரை போடச்செய்து, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகி முன்னே ஓடினார். மறுநாள் ஊர் விழுந்தது. நான் சொல்ல வருவது அந்தக் கத்தியைப் பற்றியல்ல, அந்தப் புகையைப் பற்றி. திறந்த வெளியைக் கடக்க வேண்டிய கட்டாயம் வந்தால் புகைக்குண்டு இல்லாமல் கடக்காதீர்கள். எதிரியை நோக்கிப் போடுங்கள். உங்கள் காலடியில் போட்டுக்கொண்டால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அறிவித்ததாக ஆகும். என் மாணவன் ஒருவன்தான் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.


மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மேப்பில் உள்ள குறிகளை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இதை வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மைக் விஷயத்தில்தான் தயக்கம். எனக்குக் கிடைக்கும் ஆசிய சர்வர்களில் பெரும்பாலும் சீன மொழி பேசுகிறார்கள், ஐரோப்பிய சர்வருக்குப் போனால் பிங் (இணையத் தாமதம்) ஏறிவிடுகிறது. மொழி தெரியாமல் ஸ்குவாடில் என்ன செய்வது?


சரக்குலாரி எழுதியது:

மேப்பில் குறி வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள் அண்ணா. எதிரியைக் கண்ட இடத்தில் ஒரு குறி வைத்தால் அது எல்லா மொழியிலும் எதிரிதான். சப்போர்ட் வேலையை எடுத்து, ஆஃபீசர் பக்கத்தில் போய் நின்று, சப்ளைப் பெட்டியை அவர் காலடியில் போட்டால் அவருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஐரோப்பிய சர்வரில் பிங் 150-க்குக் கீழே இருந்தால் தைரியமாக ஆடலாம். எதிரெதிரே வந்து சுடும்போதுதான் அது உங்களைக் கைவிடும், லாரி ஓட்டுவதற்கு ஒன்றும் செய்யாது.


கொல்லைப்புறம் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இங்கே பலரும் இந்த விளையாட்டை ‘அப்படியே நிஜப்போர்’ என்று புகழ்வதைப் பல இழைகளில் பார்த்திருக்கிறேன். இந்த இழையில் யாரும் சொல்லவில்லை என்றாலும், கேள்வி கேட்டவர் அடுத்து அங்கேதான் போய்ச் சேருவார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். துப்பாக்கியின் சத்தம் நிஜமாக இருக்கலாம், வேலியின் உயரம் நிஜமாக இருக்கலாம், ஆனால் சாவின் விலை நடை என்று சரக்குலாரி மிகச் சரியாகச் சொன்னாரே, அந்த இடத்தில் நிஜம் முடிந்துவிடுகிறது. இயந்திரத் துப்பாக்கியின் உண்மையான வேலை ஆளைக் கொல்வதைவிடத் தலையைத் தூக்கவிடாமல் செய்வது. அச்சம் உள்ளவனிடம்தான் அது பலிக்கும். இங்கே குண்டு பக்கத்தில் போனால் திரை மங்கலாகும், அவ்வளவுதான். நாற்பது வினாடியில் திரும்ப எழப்போகிறவன் எதற்கு மண்ணோடு மண்ணாகக் கிடப்பான்? அதனால்தான் நிஜத்தில் ஒரு நாள் முழுவதும் ஒரு படைப்பிரிவை நிறுத்தி வைத்திருக்கக்கூடிய எம்ஜி42 என்ற ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கியின் முன்னால், இந்த விளையாட்டில் நாலு பேர் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். நான்காவது ஆள் போய்ச் சேர்ந்தும்விடுகிறான்.

அந்தப் போரில் காலாட்படையைப் பெரிதும் தின்றது ரைஃபிள் அல்ல, பீரங்கியும் மோர்ட்டாரும். ஜெர்மனியின் ஹர்ட்கன் காட்டு மேப்பை ஆடும்போது இதை நினைத்துக்கொள்வேன். அங்கே 1944-ன் இலையுதிர் காலத்தில் குண்டுகள் மரங்களின் உச்சியில் மோதி வெடித்து, இரும்புச் சிதறலோடு மரச்சிம்புகளும் மேலிருந்து மழையாகக் கொட்டின. தரையில் படுப்பது என்ற பயிற்சியை மறந்து, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று வீரர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். விளையாட்டில் அந்தக் காட்டில் எனக்கு நினைவில் நிற்பது மூடுபனியின் அழகுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குளிரையும் ஈரத்தையும் வாரக்கணக்கில் கொடுத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

சாவுக்கு வேறு விதமாக விலை வைக்க முயன்ற ஒரு விளையாட்டும் உண்டு. 2016-இல் வந்த ‘பேட்டில்ஃபீல்ட் 1’ முதல் உலகப் போரில் நடப்பது. அதன் முன்னுரைக் கட்டத்தில் நீங்கள் சாகும் ஒவ்வொரு முறையும் அந்த வீரனின் பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் திரையில் வரும், அடுத்த வினாடி நீங்கள் வேறொருவனாக இருப்பீர்கள். செத்தவன் திரும்ப எழுவதில்லை. ஆனால் அந்தத் துணிவு அந்தக் கட்டத்தோடு சரி. அதைத் தாண்டிப் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குப் போனால் அது ஓட்டமும் வெடியும் நிறைந்த திருவிழா. கேள்வி கேட்டவருக்குப் பழைய கல்லூரிச் சுவைதான் வேண்டுமென்றால், நேர்மையாகச் சொல்கிறேன், அந்தத் திருவிழாதான் பொருந்தும். அப்படி விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.


கரும்பலகை எழுதியது:

கொல்லைப்புறம் சொன்னதை மறுக்க மாட்டேன். ராபர்ட் கோலுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அவர் இல்லை. 1944 செப்டம்பர் 18 அன்று நெதர்லாந்தில், பெஸ்ட் என்ற ஊருக்கு அருகே, மறைந்திருந்த ஒருவன் சுட்டு இறந்தார். அவருக்கு வயது 29. ‘சுட்டவனைப் பார்க்காமலே’ என்ற தலைப்பைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். விளையாட்டுக்கு வழி கேட்டவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டாம் என்று விட்டிருந்தேன்.


மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

ஒரு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். கொல்லைப்புறம் சொன்ன திருவிழா விளையாட்டையும் ஒரு நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் ஆடிப்பார்த்தேன். கை பழசை மறக்கவில்லை, தலைதான் வலித்தது. அதனால் மறுபடி இங்கேயே வந்துவிட்டேன்.

நேற்று இரவு சென்ட் மேரி டு மோன் வந்தது. சப்போர்ட் வேலையை எடுத்தேன். எங்கள் ஆஃபீசர் பேசிய மொழி எனக்குப் புரியவில்லை, ஆனால் மேப்பில் ஒரு வேலிக்குப் பின்னால் அவர் குறி வைத்தது புரிந்தது. வயலுக்குள் இறங்காமல் பள்ளப் பாதை வழியாகவே சுற்றிப் போனதால் பதினைந்து நிமிடம் ஆனது. வழியில் இரண்டு முறை ‘டப்’ கேட்டது. இரண்டு முறையும் படுத்து, இரண்டாவது ஓசைக்காகக் காத்திருந்தேன். ஒரு முறை அது சரியாக இடது மூலையிலிருந்து வந்தது, கரும்பலகைக்கு என் வணக்கம். பெட்டியை ஆஃபீசர் காலடியில் போட்டேன், அவர் கேரிசனைக் கட்டினார். ஒரு நிமிடத்துக்குள் எங்களுக்குப் பின்னால் புல்லிலிருந்து ஆட்கள் எழுந்து வரத் தொடங்கினார்கள். இருபது பேருக்கு மேல் இருக்கும். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி ஓடி வேலியைக் கடந்து போனார்கள். ஆஃபீசர் மட்டும் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், நன்றியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் பட்டியலைப் பார்த்தேன். நான் சுட்டு வீழ்த்தியவர்கள் பூஜ்யம், நான் செத்தது ஏழு முறை. நாங்கள் வென்றிருந்தோம். மகள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் யாரையுமே சுடவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு சந்தோஷம்?” என்று கேட்டாள். கேரிசன் என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன், பாதியிலேயே போய்விட்டாள்.

சரக்குலாரி தம்பி, இன்றைக்கு உங்கள் லாரியையும் எடுத்துப் பார்த்தேன். தலைமையகத்து வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு மரத்திலும் நம் ஆள் ஒருவர்மேலும் மோதிவிட்டேன். கியரை எப்போது மாற்றுவது, ரிவர்ஸ் எப்படிப் போடுவது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?